பியானோவும் இரண்டு பேரும்: ஃப்ளாண்டர்ஸ் – ஸ்வான் பாடல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிரிப்புப் பாட்டு எழுதி, அதற்கு மெட்டுப் போட்டவரே பியானோவில் உட்கார்ந்து மேடையில் பாடிக் காட்டும் பழக்கம் இங்கிலாந்தில் நெடுநாளாக உண்டு. யாரையும் காயப்படுத்தாத, சத்தம் போடாத நகைச்சுவை அது. அந்த வரிசையில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள் மைக்கேல் ஃப்ளாண்டர்ஸும் டொனால்ட் ஸ்வானும். இவர்களுடைய பாடல்களை யாருக்காவது கேட்கக் கொடுத்தால் அநேகமாக ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இவங்க? ஒரே பேர் மாதிரி சேர்த்தே சொல்றாங்களே, அண்ணன் தம்பியா?

உறவுக்காரர்கள் இல்லை, பள்ளித் தோழர்கள். ஃப்ளாண்டர்ஸ் 1922-இல் லண்டனில் பிறந்தவர், ஸ்வான் 1923-இல் வேல்ஸிலுள்ள லனெலியில் பிறந்தவர். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படிக்கும்போது, 1940-இல், இருவரும் சேர்ந்து ஒரு பாட்டும் நாடகத் துணுக்குகளுமான நிகழ்ச்சியை அரங்கேற்றினார்கள். அப்புறம் இருவரும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார்கள். போர் அவர்களைப் பிரித்தது. 1948-இல் தற்செயலாக மறுபடி சந்தித்துச் சேர்ந்து எழுதத் தொடங்கினார்கள்.

ஸ்வானின் குடும்பக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, அவர் இசையில் அது கேட்கும். அவருடைய முன்னோர் ரஷ்யாவில் குடியேறிய ஆங்கிலேயர்கள். அப்பா மருத்துவர். அம்மா இன்றைய துர்க்மெனிஸ்தானின் அஷ்காபாத்திலிருந்து வந்த செவிலியர். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு அகதிகளாகப் பிரிட்டனுக்கு வந்த தம்பதி. வீட்டில் ரஷ்யப் பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளைதான் பின்னாளில் லண்டன் பஸ்ஸைப் பற்றிய பாட்டுக்கு மெட்டுப் போட்டவர்.

பாட்டு எழுதினது யாரு, மெட்டு யாரு, பாடினது யாரு? ரெண்டு குரல் கேக்குதே?

சொல் ஃப்ளாண்டர்ஸுடையது, மெட்டும் பியானோவும் ஸ்வானுடையவை. பாடுவது இருவரும்தான். கனமான, அடியிலிருந்து உருண்டு வரும் குரல் ஃப்ளாண்டர்ஸுடையது. மேலே ஏறி, கொஞ்சம் பதற்றத்தோடு ஒலிக்கும் குரல் ஸ்வானுடையது. பாடல்களுக்கு நடுவே பேசுவது பெரும்பாலும் ஃப்ளாண்டர்ஸ்.

ஸ்வான் தனியாகப் பாடும் பாடல்களும் உண்டு. ‘கொக்கொராக்கி’ என்ற கிரேக்க நாட்டுப்பாடலில் ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு பிராணி கூடிக்கொண்டே போகும். அத்தனை பிராணிகளின் சத்தத்தையும் மூச்சு விடாமல் அவரே எழுப்ப வேண்டும். போர்க்காலத்தில் ஆம்புலன்ஸ் குழுவோடு கிரேக்கத்தில் இருந்தவர் அவர். அந்நாட்டுப் பாடல்கள் மேல் அவருக்கிருந்த பிரியம் அந்தப் பதிவில் அப்படியே தெரிகிறது.

மேடையில என்னதான் இருந்தது? ரெண்டு பேரை வெச்சு ஒரு முழு நிகழ்ச்சி ஓடுமா?

ஒரு பியானோ, ஒரு நின்ற விளக்கு, ஒரு சக்கர நாற்காலி. நடனப் பெண்கள், வாத்தியக் குழு, உடைமாற்றம் எதுவும் கிடையாது. முதலில் இவர்கள் மற்றவர்களுக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1950-களின் லண்டன் மேடை நிகழ்ச்சிகளில் ஜாய்ஸ் கிரென்ஃபெல், மேக்ஸ் ஏட்ரியன், இயன் வாலஸ் போன்றவர்கள் இவர்களுடைய பாடல்களைப் பாடினார்கள். அப்புறம் இருவருமே மேடையேறிப் பார்த்தார்கள்.

1956 டிசம்பர் 31 அன்று நாட்டிங் ஹில் பகுதியிலுள்ள நியூ லிண்ட்ஸே என்ற சிறிய அரங்கில் ‘அட் தி ட்ராப் ஆஃப் எ ஹாட்’ தொடங்கியது. மூன்றரை வாரத்துக்குள், 1957 ஜனவரி 24 அன்று, லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டிலுள்ள ஃபார்ச்சூன் அரங்குக்கு மாறியது. அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1959 அக்டோபரில் நியூயார்க் பிராட்வேக்குப் போய் 215 காட்சிகள் நடந்தன. 1963-இல் ‘அட் தி ட்ராப் ஆஃப் அனதர் ஹாட்’ என்ற இரண்டாவது நிகழ்ச்சி வந்தது. இதே பியானோவோடும் விளக்கோடும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போய் வந்தார்கள்.

ஃப்ளாண்டர்ஸ் ஏன் எப்பவும் உட்கார்ந்தே பாடறார்?

1943-இல், கடற்படையில் இருந்தபோது, அவரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. தடுப்பூசி வந்தது 1955-இல்தான். வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான். பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் நடிகராகப் பேர் வாங்கிய இளைஞருக்கு, அதுவரை நினைத்திருந்த தொழில் கையைவிட்டுப் போனது.

மேடையில் அவர் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வருவார், கையை வீசிப் பேசுவார், பாட்டில் பாத்திரமாகவே மாறுவார். நடக்க முடியாதது பற்றி ஒரு புலம்பல்கூட அந்தப் பதிவுகளில் இல்லை. ஆனால் அரங்குகளிலும் பொது இடங்களிலும் சக்கர நாற்காலி நுழைய வழி வேண்டும் என்று வெளியே பேசிப் போராடினார். அவர் மனைவி கிளாடியா அந்த வேலையைப் பேருந்து, ரயில் வரைக்கும் நீட்டித் தொடர்ந்தார். பஸ்ஸைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பாடியவர் அந்த பஸ்ஸில் ஏற முடியாதவர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது அந்தப் பாட்டின் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடுகிறது.

எனக்கு இங்கிலீஷ் வேகமாப் பாடினா பிடிபடாது. எதுல ஆரம்பிக்கலாம்?

‘தி கேஸ் மேன் கமெத்’தில் ஆரம்பியுங்கள். கதை தெரிந்தால் போதும், சொல் ஒவ்வொன்றும் விளங்க வேண்டியதில்லை. திங்கள்கிழமை எரிவாயு இணைப்பைச் சரிசெய்ய ஒருவர் வருகிறார். அவர் பெயர்த்த பலகையைச் சரிசெய்ய செவ்வாயன்று தச்சர் வருகிறார், அவர் அடித்த ஆணி மின்கம்பியில் இறங்குகிறது. புதனன்று எலெக்ட்ரீஷியன், அவர் கால் ஜன்னல் கண்ணாடிக்குள் போகிறது. வியாழன் கண்ணாடிக்காரர், வெள்ளி பெயின்டர். பெயின்டர் எரிவாயுக் குழாயின் திருகு மேலேயே பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறார். சனி, ஞாயிறு யாரும் வேலை செய்யமாட்டார்கள். மறுபடி திங்கள்கிழமை எரிவாயுக்காரர். வீட்டு மராமத்து பார்த்த யாருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்து ‘எ சாங் ஆஃப் தி வெதர்’. மிகச் சின்னது. பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாகச் சொல்லி, எந்த மாதத்திலும் வானிலை உருப்படியாக இல்லை என்று முடிப்பது. மூன்றாவதாக ‘எ ட்ரான்ஸ்போர்ட் ஆஃப் டிலைட்’. லண்டனின் சிவப்பு பஸ்ஸை ஓட்டுநரும் நடத்துநரும் புகழ்ந்து பாடுவது. பல்லவியில் பஸ்ஸின் சக்கரம், நிறம், நிறுவனம், டீசல் எஞ்சின், 97 குதிரைசக்தி எல்லாம் ஒரே மூச்சில் அடைமொழியாக வரும். இரண்டு முறை கேட்டால் உங்கள் நாக்கும் அதை முயன்று பார்க்கும்.

ஒரு யோசனை: பாட்டுக்கு முன்னால் வரும் பேச்சைத் தள்ளிவிட்டுக் கேட்காதீர்கள். பாட்டின் பாதி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

ஒரே பாட்டு ரெண்டு விதமாக் கிடைக்குதே, வரியும் பேச்சும் கொஞ்சம் மாறுது. எது அசல்?

இரண்டும் அசல்தான். முதல் நிகழ்ச்சி ஃபார்ச்சூன் அரங்கில் இரண்டு முறை பதிவானது: ஓடத் தொடங்கிய 1957-இல் மோனோவாக, முடியும் தறுவாயில் 1959-இல் ஸ்டீரியோவாக. தயாரித்தவர் பார்லஃபோன் நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டின். பின்னாளில் பீட்டில்ஸ் இசைத்தட்டுகளைத் தயாரித்தாரே, அவரேதான். நேரடியாக ஆட்கள் முன்னால் நடப்பதைப் பிடித்துத் தட்டில் கொண்டுவருவதில் அவர் கைதேர்ந்தது இப்படிப்பட்ட நகைச்சுவைப் பதிவுகளில்தான்.

இரண்டு ஆண்டு இடைவெளியில் இருவரும் எங்கே நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள், எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்பதை ஒப்பிட்டுக் கேட்கலாம். எனக்கு 1957 பதிவின் பரபரப்பு பிடிக்கும். தெளிவு வேண்டுபவர்கள் 1959-ஐ எடுக்கலாம்.

ஏன் இத்தனை மிருகப் பாட்டு? குழந்தைங்களுக்காகவா பாடினாங்க?

பெரியவர்களுக்காகத்தான். ஆனால் குழந்தைகள் தாங்களாகவே வந்து ஒட்டிக்கொண்டார்கள். நீர்யானை, ஸ்லாத் என்னும் சோம்பலான தென்னமெரிக்கப் பிராணி, ஆர்மடில்லோ, காட்டுப்பன்றி வகையான வார்ட்ஹாக், நூ என்னும் ஆப்பிரிக்க மான் என்று ஒரு பட்டாளமே உண்டு. ஸ்லாத் மரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி, தான் மட்டும் மனம் வைத்தால் என்னவெல்லாம் சாதித்திருக்கலாம் என்று கனவு காண்கிறது. வார்ட்ஹாக் பெண்ணை நடன விருந்தில் யாரும் ஆட அழைப்பதில்லை. ஆர்மடில்லோ ஒன்று சாலிஸ்பரி சமவெளியில் ராணுவம் விட்டுச்சென்ற டாங்கியின் மேல் காதல் கொள்கிறது. இவையெல்லாம் மனிதர்களின் தனிமையும் கூச்சமும்தான். மனிதர்மேல் வைத்துச் சொன்னால் கேலியாகிவிடும், மிருகத்தின்மேல் வைத்ததால் பரிவு கிடைக்கிறது.

இவற்றில் மிகப் பெயர்பெற்றது சேற்றில் புரளும் நீர்யானைப் பாட்டு. இயன் வாலஸ் பாடித்தான் முதலில் பரவியது. பல்லவியை அரங்கமே சேர்ந்து பாடும். அதில் நீர்யானை நிற்பது ஷாலிமார் கரையில். ஆசியாவில் ஏது நீர்யானை? ஆனால் ஷாலிமார் என்ற பெயர் அன்றைய ஆங்கிலேயர் காதில் உடனே வேறொரு பாட்டை மீட்டியிருக்கும். 1902-இல் வெளிவந்து வீட்டுக்கு வீடு பியானோவில் உருகிப் பாடப்பட்ட காஷ்மீரிக் காதல் பாட்டு அது. அதற்குச் சொல் தந்த கவிஞர், லாரன்ஸ் ஹோப் என்ற ஆண்பெயரில் எழுதிய அடெலா நிக்கல்சன் என்ற பெண். அவர் 1904-இல் இறந்தது நம் சென்னையில், இங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உருக்கமான காதல் பாட்டின் நடையிலேயே ஒரு நீர்யானையைச் சேற்றுக்கு அழைப்பதில்தான் அந்தப் பாட்டின் சிரிப்பு இருக்கிறது. ஸ்வானின் மெட்டும் வரவேற்பறைக் காதல் பாட்டின் சாயலை விடாமல் பிடித்திருக்கும்.

பியானோ சும்மா பக்கவாத்தியம்தானே? மெட்டுப் போட்டவரேதான் வாசிக்கணும்னு என்ன அவசியம்?

நான் மிகவும் விரும்பி பதில் சொல்லும் கேள்வி இது. சிரிப்புப் பாட்டில் காலம்தான் எல்லாம். அரங்கம் சிரிக்கும்போது அடுத்த வரியைப் பாடினால் அந்த வரி வீணாகும். சிரிப்பு முழுதும் அடங்கக் காத்திருந்தால் சூடு ஆறிவிடும். சிரிப்பு சரியத் தொடங்கும் நொடியில் அடுத்த வரி விழ வேண்டும். இசைக்குழுவாக இருந்தால் எழுதி வைத்தபடிதான் வாசிக்க முடியும். ஸ்வான் அன்றைய கூட்டத்தைக் கேட்டு இரண்டு தட்டு கூடுதலாக வாசிப்பார், அல்லது இடைவெளியைச் சுருக்கிவிடுவார். தன் மெட்டு என்பதால் எங்கே நீட்டலாம், எங்கே வெட்டலாம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சொல்லுக்கு வழிவிடுவது. வரி ஓடும்போது அவருடைய இடது கை தாளத்தை மட்டும் பிடித்திருக்கும், வலது கை ஒதுங்கிக்கொள்ளும். வரி முடிந்ததும் ஒரு சின்னச் சுரக்கோவை வந்து, சொன்னதை ஆமோதிக்கும் அல்லது மறுத்துப் பேசும். ‘கேஸ் மேன்’ பாட்டை ஒருமுறை சொற்களை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் கவனித்துக் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்காரரும் வந்துபோவது கையில் தெரியும்.

கிடாரிலும் நல்ல நகைச்சுவைப் பாட்டு பாடலாம், மறுக்கவில்லை. ஆனால் பியானோவில் உட்கார்ந்தவர் ஓப்பரா, தேவாலயப் பாட்டு, ராணுவ அணிவகுப்பு, ஜாஸ் என்று எந்த நடைக்கும் ஒரு நொடியில் தாவ முடியும். இவர்கள் பாட்டின் வேடிக்கையில் பாதி இந்தத் தாவலில் இருக்கிறது.

மொஸார்ட் மெட்டுல ஒரு பாட்டு இருக்கே, அது திருட்டு இல்லையா?

‘இல் விண்ட்’ பாட்டைச் சொல்கிறீர்கள். ஹார்ன் என்னும் பித்தளை ஊதுவாத்தியத்துக்கு மொஸார்ட் எழுதிய நான்காவது கன்சர்ட்டோ (ஒற்றை வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது; அவர் படைப்புப் பட்டியலில் கே. 495), அதன் கடைசிப் பகுதி. எடுத்தது எங்கிருந்து என்று மறைக்கவில்லை. அது மொஸார்ட் என்று கேட்பவருக்குத் தெரிந்திருப்பதுதான் வேடிக்கையே. ஹார்ன் வாசிக்க ஆசைப்பட்ட ஒருவர் தன் வாத்தியம் காணாமல் போனதைச் சொல்லிப் புலம்புகிறார். ஹார்ன் பாட வேண்டிய இசையை, ஹார்ன் இல்லாததால், மனிதக் குரல் சொற்களால் நிரப்புகிறது.

ஃப்ளாண்டர்ஸ் அந்த ஓட்டமான சுரங்களுக்கு ஒவ்வொன்றாக அசை பொருத்தியிருக்கிறார். மூச்சுவிட இடமே இல்லை. அசல் கன்சர்ட்டோவை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் அவருடைய உழைப்பு விளங்கும்.

அறிவியல் பாட்டுன்னு சொன்னாங்க. சொல்ற அறிவியல் சரிதானா?

‘ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் லா’ வெப்ப இயக்கவியலின் முதல் இரண்டு விதிகளைப் பாடுகிறது. வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை. குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் போகாது. கடைசியில் எல்லாம் ஆறிச் சமமாகி, உலகத்தில் வேலையே நடக்காத நிலை வரும் என்று முடிகிறது. விதிகளில் பிழை இல்லை, ஆசிரியர்கள் வகுப்பில் போடலாம். அறிவியல் படித்தவர்களும் இலக்கியம் படித்தவர்களும் ஒருவரோடொருவர் பேச முடியாமல் போய்விட்டார்கள் என்று விஞ்ஞானியும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்னோ 1959-இல் ஆற்றிய உரை பிரிட்டனில் பெரிய விவாதமானது. பாட்டின் முன்னுரை அதைத்தான் தொடுகிறது.

‘மிஸ்அலையன்ஸ்’ தாவரவியல். ஹனிசக்கிள் கொடி ஒரு பக்கமாகச் சுற்றி ஏறும், பைண்ட்வீட் கொடி எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இது உண்மை. இரண்டும் காதலிக்கின்றன. இரு வீட்டாரும் சுற்றும் திசை வேறு என்று திருமணத்தை மறுக்கிறார்கள். கொடிகள் வேரைப் பிடுங்கிக்கொண்டு வாடிக் கிடக்கின்றன. பாடல் முழுக்க இலேசாகத்தான் நகர்கிறது. நம் ஊர்ச் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு அந்த முடிவு இலேசாக இருக்காது.

‘ஸ்லோ ட்ரெயின்’ல சிரிக்க என்ன இருக்கு? ஸ்டேஷன் பேரை வரிசையாப் படிக்கிறாங்க, அவ்வளவுதானே?

சிரிக்க எதுவும் இல்லை, அது அவர்கள் வேண்டுமென்றே செய்தது. 1963 மார்ச்சில் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் ஓர் அறிக்கை வெளியிட்டார். நஷ்டத்தைக் குறைக்க 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடச் சொன்னது அது. அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இரண்டாவது நிகழ்ச்சியில் இந்தப் பாட்டு இடம்பெற்றது. பால் கேன் இல்லை, போர்ட்டர் இல்லை, பெஞ்சில் பூனை இல்லை என்று சொல்லிக்கொண்டே நிலையப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. திட்டு இல்லை, அமைச்சர் பெயர் இல்லை. ஸ்வானின் பியானோ அவசரமே படாமல் கிளை ரயிலின் வேகத்தில் போகிறது.

பாட்டில் வரும் நிலையங்கள் எல்லாம் மூடப்பட்டன என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டும் ஃபார்ம்பியும் இன்றும் இயங்குகின்றன. செயின்ட் எர்த்திலிருந்து செயின்ட் ஐவ்ஸ் போகும் பாதையும் தப்பியது. சார்ல்டன்-கம்-ஹார்டி 1967-இல் மூடப்பட்டு, 2011-இல் மான்செஸ்டர் டிராம் நிறுத்தமாகத் திரும்பி வந்தது. பாட்டு எழுதும்போது தீர்மானம் முடிந்திருக்கவில்லை, பட்டியல்தான் இருந்தது. என்னைக் கேட்டால் இவர்கள் எழுதியதில் ஆகச் சிறந்தது இதுதான். சிரிக்க வைப்பவர்கள் என்று நம்பி வந்து உட்கார்ந்த கூட்டம், மூன்று நிமிடம் அசையாமல் ஊர்ப்பெயர்களைக் கேட்டிருக்கிறது. வேறு யார் பாடியிருந்தாலும் அந்த அமைதி கிடைத்திருக்காது.

மென்மைன்னா பயந்துபோய் யாரையும் தொடாம விட்டாங்கன்னுதானே அர்த்தம்? அமெரிக்கப் பாடகர் டாம் லெஹ்ரர் எவ்வளவு காரமாப் பாடினார்!

இது அவர்கள் காலத்திலேயே எழுந்த குற்றச்சாட்டு. 1961-இல் ‘பியாண்ட் தி ஃப்ரிஞ்ச்’ என்ற நிகழ்ச்சி லண்டனுக்கு வந்து அரசியல்வாதிகளையும் பிரபுக்களையும் பொளந்து கட்டியது. அது ஓடியதும் அதே ஃபார்ச்சூன் அரங்கில். அதன் பிறகு இவர்கள் பழைய காலத்து ஆட்களாகத் தெரியத் தொடங்கினார்கள். ஃப்ளாண்டர்ஸ் மேடையிலேயே இதற்குப் பதில் சொன்னார். மனிதர்கள் போர்த்தியிருக்கும் இதமான மாயைகளை உரித்துப்போடுவது அங்கதத்தின் வேலை என்றால், அதைத் திருப்பிப் போர்த்திவிடுவது தங்கள் வேலை என்று.

அந்தப் பதிலை நான் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களே அதைக் கடைப்பிடிக்கவும் இல்லை. ‘தி ரிலக்டன்ட் கேனிபல்’ பாட்டில் ஒரு மகன் மனிதரைத் தின்னமாட்டேன் என்கிறான். தலைமுறை தலைமுறையாகத் தின்கிறோமே என்று அப்பா வாதாடுகிறார். இப்படியே போனால் மனிதரோடு சண்டை போடாதே என்றுகூடச் சொல்வாய் என்கிறார் கடைசியில். இருவரும் அதை நடக்காத காரியம் என்று சிரித்துத் தள்ளுகிறார்கள். அப்பா ஃப்ளாண்டர்ஸ், போருக்குப் போனவர். மகன் ஸ்வான், மனசாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுத்து ஆம்புலன்ஸ் குழுவில் எகிப்து, பாலஸ்தீனம், கிரேக்கம் என்று வேலை செய்தவர். எதிரெதிர் முடிவெடுத்த இரண்டு பேர் ஒரே பியானோவின் பக்கத்தில் இருந்து அதைப் பாடுகிறார்கள். ‘ட்வென்ட்டி டன்ஸ் ஆஃப் டிஎன்டி’ இன்னும் நேரடியானது. உலகத்தின் அணுகுண்டுகளைப் பங்கிட்டால் ஆளுக்கு இருபது டன் வெடிமருந்து வரும் என்று சொல்லும் பாட்டு.

லெஹ்ரர் ஹார்வர்டில் கணிதம் படித்தவர், தனியாளாக எழுதி, மெட்டமைத்து, பியானோவில் பாடியவர். முதல் இசைத்தட்டு 1953-இல். அவருடைய கூர்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் பாட்டில் பாடுபவர் கேட்பவரைவிட ஒரு படி மேலே நிற்கிறார். இவர்கள் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கிறார்கள். அப்படி நின்று சொன்னால் சொல்வது பலவீனமாகிவிடும் என்பதற்கு ‘கேனிபல்’ பாட்டே மறுப்பு.

இன்னைக்குக் கேட்டா சில பாட்டு நெளிய வைக்குதே?

நெளிய வைக்கத்தான் செய்யும். ‘மடெய்ரா’ பாட்டில் ஒரு கிழவர் பதினேழு வயதுப் பெண்ணுக்கு மது ஊற்றிக் கொடுத்து மயக்கப் பார்க்கிறார். வாக்கிய அமைப்பு அபாரமானது, ஒரே வினையில் நாலைந்து பொருளைக் கோத்துக்கொண்டு போகிறார் ஃப்ளாண்டர்ஸ். இருந்தும் அந்தக் காட்சி இன்றைக்கு வேடிக்கையாக இல்லை. நான் புதியவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. மேலே சொன்ன ‘கேனிபல்’ பாட்டிலும் தீவுவாசிகள் என்றால் நரமாமிசம் தின்பவர்கள் என்ற பழைய ஐரோப்பியக் கற்பனைதான் அடித்தளம். அதன் குறி ஐரோப்பியரின் போர்வெறி என்றாலும் அந்தக் கற்பனை மறைந்துவிடவில்லை.

‘எ சாங் ஆஃப் பேட்ரியாட்டிக் ப்ரெஜுடிஸ்’ வேறு வகை. ஸ்காட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர், வேல்ஸ்காரர், பிறநாட்டவர் எல்லாரையும் மட்டம் தட்டி, ஆங்கிலேயர்தான் சிறந்தவர்கள் என்று பாடுவது. திட்டப்படுவது பாடுகிறவனின் மமதைதான். ஆனால் முன்னுரையை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் பரப்பினால் நிஜமாகவே பெருமையடிப்பது போல் ஆகிவிடும். பேச்சோடு சேர்த்துக் கேளுங்கள் என்று முன்பே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் நிறுத்திட்டாங்க? சண்டையா?

சண்டை இல்லை. 1967 ஏப்ரல் 9 அன்று நியூயார்க்கில் கடைசியாகச் சேர்ந்து மேடையேறினார்கள். பத்து ஆண்டுகள் ஒரே வகை நிகழ்ச்சி. ஸ்வானுக்கு வேறு இசை எழுத வேண்டியிருந்தது. அந்த ஆண்டே டோல்கீனின் கவிதைகளுக்கு அவர் அமைத்த பாடல் தொகுப்பு வெளிவந்தது. ஃப்ளாண்டர்ஸ், ஜோசஃப் ஹோரோவிட்ஸின் இசைக்கு நோவாவின் கப்பல் கதையைச் சொற்களாக்கித் தந்தார். அதைப் பள்ளிக் குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். ஃப்ளாண்டர்ஸ் 1975-இல், 53 வயதில் இறந்தார். ஸ்வான் 1994 வரை இருந்தார்.

இவங்களைப் பிடிச்சுப்போச்சு. அடுத்து யாரைக் கேக்கலாம்?

பின்னோக்கிப் போனால் நோயல் கவர்ட், முன்னோக்கி வந்தால் விக்டோரியா வுட். இரண்டாமவரை முதலில் கேளுங்கள். 1953-இல் பிறந்தவர், 2016-இல் இறந்தார். சொல், மெட்டு, குரல், பியானோ நான்கும் அவரே. ‘தி பாலட் ஆஃப் பேரி அண்ட் ஃப்ரீடா’வில் ஆசை பொங்கும் மனைவியும் சாக்குச் சொல்லும் கணவனும் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி மேலே ஏற, பியானோ வேகமெடுக்கும். ஃப்ளாண்டர்ஸ் பாடாத வீட்டுக்குள் நுழைந்தவர் அவர்: சமையலறை, படுக்கையறை, நடுத்தர வயதுப் பெண்ணின் அலுப்பு.

எங்க காலேஜ் விழாவுல பாடலாமா? உரிமை இன்னும் இருக்கா?

உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டனில் சேர்ந்து எழுதிய பாட்டுக்கு, இருவரில் பின்னால் இறந்தவரிலிருந்து 70 ஆண்டு கணக்கு. ஸ்வானின் ஆண்டை வைத்தால் 2064 முடியும்வரை. இந்தியச் சட்டத்தில் 60 ஆண்டுகள், ஆகவே ஸ்வானின் மெட்டு இங்கே 2054 முடியும்வரை காப்பில் இருக்கும். டிக்கெட் வாங்காத பார்வையாளர் முன்னால் தொழில்முறை அல்லாத குழு பாடுவதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. பதிவு செய்து யூடியூபில் போடுவது அதில் அடங்காது, அதற்கு அனுமதி வாங்க வேண்டும். (லெஹ்ரர் இதில் நேரெதிர். 2020-இலும் 2022-இலுமாகத் தன் பாடல் வரிகளையும் மெட்டுகளையும் பொதுவில் விட்டுவிட்டார்.)

சுரக் குறிப்புகளோடு இருவரின் பாடல்களும் 1977-இல் ஒரே நூலாக வந்தன, பழைய புத்தகமாகத் தேடினால் கிடைக்கும். ஒத்திகையில் பியானோ வாசிப்பவரையும் பாடுபவரையும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி உட்கார வையுங்கள், கரோக்கி டிராக் வேண்டாம். சிரிப்பு எவ்வளவு நேரம் நீளும் என்று டிராக்குக்குத் தெரியாது.